வான்மலையில் மக்களைக் கூட்டிய போதகர்: ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர்

பிராண்டே: யூன் மாதக் கடைசியிற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் டென்மார்க் வாழ் தமிழ்க் குடும்பங்களிடையே எழும் முதற் கேள்வி, இவ்வாண்டு எங்கே செல்வது என்பதாகும். வசதியும் கடவுச்சீட்டும் உள்ளோர் நோர்வேக்குச் சென்று, 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்ட யோத்துன்ஹைமன் மலைகளின் பனிமுடிகளைக் கண்டு மீள்வர். சுவிற்சர்லாந்தில் உறவினர் உள்ளோர் அல்ப்ஸ் மலையை நாடுவர். அங்குள்ள தேசியப் பூங்கா 1914ஆம் ஆண்டு முதல் காக்கப்பட்டு வருகின்றது. ஆனால், அகதி விண்ணப்பத்துக்கு முடிவு தெரியாமல் முகாமிற் காத்திருப்போருக்கு எல்லை கடக்கும் வழியில்லை. அவர்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் எட்டும் தூரத்தில் ஒரு மலை உண்டு. பிராண்டேக்கு வடகிழக்கே, ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தொலைவில், யூல்சோ ஏரியின் கரையில் அது நிற்கின்றது. உயரம் 147 மீற்றர். பெயர் ஹிம்மெல்பியேர். வான்மலை என்பது அப்பெயரின் பொருள்.

பீதுருதாலகால மலையின் 2524 மீற்றரை அறிந்த எம்மவர் இதைக் கேட்டு நகைக்கக் கூடும். ஆயின், குன்றென்று சொல்ல ஒன்றுமில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடற்கரை ஊருக்குக் கீரிமலை என்று பெயரிட்டு, ஆடி அமாவாசைக்கு அங்கே திரண்டு சென்ற மக்கள் நாம். ஒரு மலைக்குப் பெருமை சேர்ப்பது அதன் மீது கூடிய மக்களுமாவர் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். வான்மலையில் மக்கள் கூடும் மரபைத் தொடக்கி வைத்தவர் கடனாலும் நோயாலும் வாடிய ஒரு கிராமப் போதகர். டென்மார்க்கின் சிறுகதை இலக்கியத்துக்கு வித்திட்ட பெருமையும் அவருக்கே உரியது. அவர் பெயர் ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர்.

வறள்வெளியின் பிள்ளை

பிளிக்கர் 1782ஆம் ஆண்டு ஒக்ரோபர் 11ஆம் நாள், வீபோர்க் நகருக்கு அண்மையிலுள்ள வியும் என்னும் சிற்றூரின் போதகர் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் நீல்ஸ் பிளிக்கர் அவ்வூர்த் திருச்சபையின் போதகர். தம் பங்கின் நிலம், மக்கள், பழக்கவழக்கங்கள் ஆகியவற்றை ஆராய்ந்து 1795இல் நூலாக வெளியிட்ட கல்விமான் அவர். தாயார் மனநோயால் நீண்ட காலம் துன்புற்றவர். ஆகவே சிறுவனுக்குத் தந்தையின் நூல்களும் வீட்டுக்கு வெளியே விரிந்த வெளியுமே துணையாயின.

அந்த வெளியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். இன்று பிராண்டே, ஹேர்னிங், வீபோர்க் வட்டாரங்களில் நாம் காணும் பச்சை வயல்களும் நேர்வரிசைத் தேவதாருக் காடுகளும் அன்று இல்லை. நடு யூலாந்தின் பெரும் பகுதி மணற்பாங்கான வறள்வெளியாகக் கிடந்தது. டெனிஷ் மொழியில் லுங் எனப்படும் குட்டைச் செடி கண்ணுக்கெட்டிய தூரம் மண்டிக் கிடக்கும். ஓகஸ்ட் மாதத்தில் அது ஊதா நிறமாகப் பூக்கும். ஆடு மேய்ப்போரும் தேனீ வளர்ப்போரும் மட்டுமே அதனாற் பிழைத்தனர். முன்னொரு காலத்திற் காடாக இருந்த நிலமே, மக்கள் மரங்களை வெட்டியும் தீயிட்டும் கால்நடைகளை மேயவிட்டும் வந்தமையால் இந்நிலையை அடைந்தது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் என்று எமது பழம் இலக்கியம் வகுத்த முறைக்கு, குளிர்நாட்டில் இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

அந்தப் பாலையில் வழிப்போக்கரும் நாடோடிகளும் ஊராரால் ஒதுக்கப்பட்டோரும் ஒதுங்கி வாழ்ந்தனர். துப்பாக்கியும் வேட்டை நாயுமாக அங்கே அலைந்து, இரவு வந்த இடத்தில் விவசாயியின் குடிலில் தங்கி, அடுப்படியிற் சொல்லப்படும் கதைகளைக் கேட்பது பிளிக்கரின் வாழ்நாட் பழக்கமாயிற்று.

கல்வியும் கடனும்

ராண்டர்ஸ் நகரின் இலத்தீன் பள்ளியிற் பயின்று 1799இற் பல்கலைக்கழகம் புகுந்த பிளிக்கர், 1809ஆம் ஆண்டு இறையியலிற் பட்டம் பெற்றார். 1807இற் பிரித்தானியக் கடற்படை கொப்பன்ஹேகன் நகரைக் குண்டுவீசி எரித்தது அவருடைய மாணவப் பருவத்திலேதான். அதே ஆண்டில், ஸ்கொட்லாந்து மலைநாட்டின் பண்டைக் கவிஞர் ஒசியன் பாடியவை என்று ஐரோப்பா முழுவதும் நம்பிப் போற்றிய காவியங்களின் முதற் பகுதியை அவர் டெனிஷ் மொழியில் வெளியிட்டார். இரண்டாம் பகுதி 1809இல் வந்தது. அக்காவியங்கள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் மக்பெர்சன் என்பவர் புனைந்தவை என்பது பிற்கால ஆய்வின் முடிபு. ஆயினும், கரடுமுரடான நிலமும் அங்கு வாழும் எளிய மக்களும் இலக்கியத்துக்குத் தகுதியான பொருள் என்ற துணிவை இளைஞருக்கு அவை அளித்தன.

1810இல் அவர் தம் சிறிய தந்தையாரின் இளம் விதவையான ஏர்னஸ்டீனை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். இல்வாழ்வு இனிமையாக அமையவில்லை. 1811 முதல் தந்தையின் பங்கான ராண்ட்லெவில் போதகர் நிலத்தைக் குத்தகைக்கெடுத்துப் பயிரிட்டார். 1813இல் டெனிஷ் அரசு வங்குரோத்தடைந்தது. நாணயம் மதிப்பிழந்தது. அதன் பின் தானிய விலையும் வீழ்ச்சியுற்றது. அன்று பிடித்த கடன் சாகும்வரை அவரை விடவில்லை.

அதே 1813ஆம் ஆண்டிலேதான் அவர் பொதுவாழ்விலும் குரல் கொடுத்தார். அரசின் பணமுடைக்கும் மக்களின் வறுமைக்கும் யூதரே காரணம் என்று டென்மார்க்கின் எழுத்தாளர் சிலர் பழி சுமத்திய காலம் அது. இந்நாட்டில் யூதர்களைப் பொறுத்துக் கொள்ளலாமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி, அவர்களுக்கு ஆதரவாகப் பிளிக்கர் ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, 1814 மார்ச்சில், அரச கட்டளையொன்று யூதர்களுக்குக் குடியுரிமைகளை வழங்கியது. பொருளாதாரம் நலிவுறும் போதெல்லாம் அந்நியன் மீது பழி விழுவதை இந்நூற்றாண்டின் அகதிகளாகிய நாம் நன்கறிவோம். தாமே கடனில் மூழ்கிக் கொண்டிருந்த ஒரு மனிதர் அந்தப் பழியிற் பங்குகொள்ள மறுத்தார் என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

வயிற்றுக்காக எழுதிய பேரிலக்கியம்

1819ஆம் ஆண்டு தோர்னிங், லிஸ்கோர் ஆகிய வறிய பங்குகளின் போதகர் பதவி அவருக்குக் கிடைத்தது. பிறந்த ஊரான வியும் அயலிலேயே இருந்தது. வருவாய் போதாமையால், ஓர்ஹூஸ் நகரில் எல்ம்குவிஸ்ட் என்ற அச்சகத்தார் நடத்திய பொழுதுபோக்குச் சஞ்சிகைக்குக் கதைகள் எழுதத் தொடங்கினார். 1824இல் அதில் வெளிவந்த, கிராமக் கோயிற் பணியாளர் ஒருவரின் நாட்குறிப்பு வடிவிலான கதை, டெனிஷ் மொழியின் முதற் பெருஞ் சிறுகதையாக இன்று கொள்ளப்படுகின்றது. ஏழைப் பையன் ஒருவன் போதகராகும் கனவோடு இலத்தீன் கற்கின்றான். தந்தை இறக்கவே பிரபுவின் மாளிகையில் வேலையாளாகின்றான். எட்டாத காதலில் மனம் பறிகொடுக்கின்றான். போரிற் சிறைப்பட்டு அந்நிய நாடுகளில் ஆண்டுக்கணக்கில் அலைந்து, கிழவனாகப் பிறந்த ஊருக்கு மீள்கின்றான். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் நிகழும் இக்கதையை ஊர் இழந்த எவர் படித்தாலும் தம் குடும்பத்தில் ஒருவரை அதிற் காண்பர்.

1825இல் ஸ்பென்ட்ருப் பங்குக்கு மாற்றம் கிடைத்தது. அங்கிருந்து அவர் எழுதியவற்றுள் மூன்றையேனும் இங்கே சொல்லவேண்டும். 1829இல் வந்த, காலுறை வணிகர் பற்றிய கதை இந்த வட்டாரத்தின் கதையே. பயிர் விளையாத வறள்வெளியில் ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் கம்பளிக் காலுறை பின்னினர். வணிகர் அவற்றை முதுகிற் சுமந்து நாடெங்கும் விற்றனர். ஹேர்னிங், இக்காஸ்ட், பிராண்டே வட்டாரம் பிற்காலத்தில் டென்மார்க்கின் ஆடைத் தொழில் மையமானதற்கு வேர் அந்தப் பின்னல் ஊசிகளே. அக்கதையில் வரும் செல்வ வணிகர், மகளை அவள் விரும்பிய ஏழை இளைஞனுக்குக் கொடுக்க மறுக்கின்றார். இளைஞன் பொருளீட்டி மீண்டு வரும்போது அவள் சித்தம் கலங்கிவிட்டாள். அவள் கையாலேயே அவன் உயிர் போகின்றது. சீதனத்தையும் அந்தஸ்தையும் எண்ணிப் பிள்ளைகளின் வாழ்வைப் பாழாக்கும் பெற்றோர் எல்லா நாடுகளிலும் இருந்திருக்கின்றனர்.

அதே ஆண்டில் வந்த வைல்பி ஊர்ப் போதகர் பற்றிய கதை, 1626இற் கொலைக்குற்றம் சாட்டப்பட்டு மரண தண்டனை பெற்ற ஓர் உண்மைப் போதகரின் வழக்கை அடியொற்றியது. நேர்மையான நீதிபதியும் பொய்ச் சான்றுகளால் ஏமாற்றப்பட்டு நிரபராதியைக் கொல்லலாம் என்பதை அது காட்டுகின்றது. 1931இல் டெனிஷ் மொழியின் முதல் முழுநீளப் பேசும் படம் இக்கதையிலிருந்தே எடுக்கப்பட்டது. மூன்றாவது கதை நாடோடிகள் பற்றியது. ஊரார் தீண்டவும் அஞ்சிய அம்மக்களை, பாடவும் சண்டையிடவும் அன்பு செலுத்தவும் தெரிந்த மாந்தராகவே அவர் சித்திரித்தார்.

1842இல் வந்த நூலொன்று எமக்குத் தனிச் சுவை தருவது. குளிர்கால இரவுகளிற் பின்னல் வேலைக்காக ஒரு வீட்டிற் கூடும் ஊரவர் மாறி மாறிக் கதை சொல்வதாக அது அமைந்துள்ளது. முழுவதும் யூலாந்துப் பேச்சுமொழியிலேயே எழுதப்பட்டது. படித்தவர்கள் கொப்பன்ஹேகன் நடையை மட்டுமே இலக்கியத்துக்கு உரியதாகக் கருதிய காலத்தில் இது பெருந் துணிச்சலாகும். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து எழுத்தாளர்கள் தம் ஊர்ப் பேச்சைக் கதைகளிற் கையாண்டபோது, அது இழிசனர் வழக்கு என்று எழுந்த கண்டனத்தையும் அதனையொட்டி நடந்த விவாதத்தையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வழக்கைப் பிளிக்கர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியே நடத்தி வென்றிருந்தார்.

மலைமீது ஒரு கூட்டம்

கால்நடையாகப் பயணஞ் செய்வதிலும் அதைப் பற்றி எழுதுவதிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. யூலாந்தில் ஆறு நாட்கள் செய்த பயணத்தை 1817இலேயே நூலாக்கினார். 1836இற் சுவீடனுக்கும் சென்று வந்தார். இப்பயணங்களில் அவர் கண்டது அழகிய காட்சிகளை மட்டுமன்று. ஒரே நாட்டின் மக்கள் ஒருவரையொருவர் அறியாமல், ஊர் எல்லைக்குள் அடைபட்டு, தம்மை ஆள்வோரிடம் எதுவும் கேட்கத் துணியாமல் வாழ்வதையும் கண்டார். டென்மார்க்கில் 1660ஆம் ஆண்டு முதல் மன்னரின் முழுமுதல் ஆட்சி நடந்தது. விவசாயிகளை நிலத்தோடு பிணைத்த கட்டு, பிளிக்கருக்கு ஆறு வயதாகும் போதுதான், 1788இல் அறுத்தெறியப்பட்டது. 1830களின் நடுப்பகுதியிற் கூடத் தொடங்கிய சபைகள் மன்னருக்கு ஆலோசனை கூற மட்டுமே உரிமை பெற்றிருந்தன.

1837ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அவர் கடும் நோயுற்றார். மரணத்தை எதிர்பார்த்துக் கிடந்த அந்நாட்களில் எழுதிய கவிதைத் தொகுப்பு 1838இல் வெளியாயிற்று. வலசைப் பறவைகள் என்பது அதன் பெயர். ஒவ்வொரு பறவையின் குரலிலும் மனித வாழ்வின் ஒரு நிலையை அவர் அதிற் பாடினார். நோயிலிருந்து எழுந்தவர், எஞ்சிய வாழ்வை மக்கள் விழிப்புணர்வுக்குச் செலவிடத் துணிந்தார்.

1839ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள் வான்மலையின் உச்சியில் முதலாவது கூட்டம் நடந்தது. அன்று அம்மலையே டென்மார்க்கின் மிக உயர்ந்த இடம் என்று யாவரும் நம்பினர். 1847இல் நடந்த அளவைக்குப் பின்னரே ஏயர் பவ்னஹோய் என்ற மேடு அதனினும் உயர்ந்தது என்று தெரியவந்தது. பிளிக்கர் மலையைத் தேர்ந்த காரணம் வெளிப்படையானது. அது பிரபுவின் மாளிகையும் அன்று, அரசின் மண்டபமும் அன்று. நகரத்தவரும் நாட்டுப்புறத்தவரும் ஒரே புல்லில் நிற்கலாம். நாட்டைத் தம் கண்ணாற் பார்த்துக்கொண்டே நாட்டைப் பற்றிப் பேசலாம். பாட்டும் விளையாட்டும் உரையுமாக அமைந்த விழா அது. முதலில் வந்தோர் சிலரே. அடுத்துவந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டியிலும் படகிலும் திரண்டனர். மக்கள் உரிமை, பொதுக்கல்வி, ஏழைகளின் பிள்ளைகள் மட்டுமன்றி யாவரும் படைப்பணி ஏற்கும் கடமை, எல்லைப்புற மாநிலமான ஸ்லெஸ்விக்கில் டெனிஷ் மொழிக்கு நேர்ந்த நெருக்கடி ஆகியவை பேசுபொருள்களாயின. 1843இல் ஸ்கம்லிங்ஸ்பாங்கன் குன்றில் மொழிக்காக நடந்த பெருங்கூட்டங்களுக்கு வான்மலையே முன்னோடி.

தனித்து விடப்பட்ட முதுமை

பெரிய இயக்கங்களிற் பல வேளைகளில் நிகழ்வது இங்கும் நிகழ்ந்தது. கூட்டம் பெருகப் பெருக, நாவன்மை மிக்க நகர அரசியலாளர்கள் மேடையைக் கைப்பற்றினர். தொடங்கியவர் ஓரங்கட்டப்பட்டார். அவருடைய குடிப்பழக்கம் ஏளனத்துக்கு இடமளித்தது. சொந்தப் பங்கிலும் பணிகள் நிலைகுலைந்தன. கடன்காரர் தொல்லையும் நீங்கவில்லை. 1847இல் அவர் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

1848 மார்ச் 21ஆம் நாள் கொப்பன்ஹேகன் மக்கள் ஊர்வலமாகச் சென்று புதிய மன்னர் ஏழாம் பிரெடெரிக்கிடம் ஆட்சிமாற்றம் கோரினர். முழுமுதல் ஆட்சி முடிவுற்றது. ஐந்து நாட்கள் கழிந்து, மார்ச் 26ஆம் நாள், ஸ்பென்ட்ருப்பில் தமது அறுபத்தைந்தாவது வயதிற் பிளிக்கர் காலமானார். மக்களுக்கு உரிமைகளை வழங்கிய அரசியலமைப்பு 1849 யூன் 5ஆம் நாள் கையொப்பமிடப்பட்டது. அவர் அதைக் காணவில்லை. அவர் உடல் ஸ்பென்ட்ருப் கோயில் வளவிற் கிடக்கின்றது.

கோபுரம் சொல்வது

இன்று வான்மலையின் உச்சியில் நிற்கும் 25 மீற்றர் உயரச் செங்கற் கோபுரம், அந்த அரசியலமைப்பை வழங்கிய ஏழாம் பிரெடெரிக் மன்னரின் நினைவாக 1875இற் திறக்கப்பட்டது. பிளிக்கருக்கும் அங்கே நினைவுக்கல் உண்டு. யூன் 5ஆம் நாள் அங்கு கூடிப் பேசும் வழக்கமும் தொடர்கின்றது.

இக்கோபுரத்துக்கும் எமக்கும் உள்ள தொடர்பை எமது பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அமைச்சர்கள் சட்டத்தை மீறினால் அவர்களை விசாரிக்கும் தனி நீதிமன்றம் ஒன்றை 1849இன் அரசியலமைப்பு ஏற்படுத்தியது. ரீஸ்ரெத் என்பது அதன் பெயர். 1987இல், தமிழ் அகதிகள் தம் மனைவி மக்களை வரவழைக்கச் செய்த விண்ணப்பங்களை அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். இவ்விடயம் பற்றிய விசாரணை அறிக்கை 1993 யனவரியில் வெளியானதும் பிரதமர் போல் ஸ்லூட்டரின் அரசு பதவி விலகியது. 1995 யூன் 22ஆம் நாள் ரீஸ்ரெத் முன்னாள் அமைச்சரைக் குற்றவாளியெனக் கண்டு, நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. வாக்குரிமையும் இல்லாத, மொழியும் தெரியாத ஒரு சிறு கூட்டத்தின் குடும்பங்களுக்காக ஓர் அரசு கவிழ்ந்தது. மலைமீது நின்று உரிமையைப் பற்றிப் பேசக் கற்ற மக்களின் சட்டம், ஒன்றரை நூற்றாண்டு கழிந்து எம்மையும் காத்தது.

பிளிக்கர் நடந்த வறள்வெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது. 1864இற் போரில் ஸ்லெஸ்விக், ஹொல்ஸ்டைன் மாநிலங்களை இழந்த டென்மார்க், இருக்கும் நிலத்தைப் பண்படுத்தத் தலைப்பட்டது. 1866இல் என்றிக்கோ டல்காஸ் முதலியோர் நிறுவிய சங்கம் வறள்வெளியைக் காடாகவும் வயலாகவும் மாற்றியது. எஞ்சிய துண்டுகளில் ஒன்றான ஹரில் வெளி பிராண்டேக்கு அண்மையிலேயே உள்ளது. ஓகஸ்டில் லுங் பூக்கும் போது அங்கு சென்றால் அவர் கண்ட நிலத்தைக் காணலாம். டென்மார்க்கின் தேசியப் பூங்காக்கள் மிகப் பிந்தியே அமைந்தன. 2008இல் தூ, 2009இல் மோல்ஸ் குன்றுகள், 2010இல் வாடன் கடல் என அவை தொடங்கின. அவற்றுள்ளே ஊர்களும் பண்ணைகளும் இருக்கின்றன. அமெரிக்காவின் யொசெமிற்றி மலைப்பள்ளத்தாக்கு போன்ற புகழ்பெற்ற பூங்காக்களில் ஆதிக்குடிகள் தம் நிலத்திலிருந்து அகற்றப்பட்ட வரலாறும் உண்டு. இயற்கையைக் காக்க மக்களைத் துரத்துவது இன்றியமையாததன்று என்பதற்கு இந்நாட்டுப் பூங்காக்கள் எடுத்துக்காட்டு.

பிராண்டே அபிராமி அம்மன் ஆலயத்துக்குக் கோடையில் வருவோரும் வான்மலைக்குச் சென்றுவரலாம். ஹேர்னிங் ஊடாகச் சில்கபோர்க்குக்கு ரயிலில் சென்றால், 1861ஆம் ஆண்டு முதல் ஓடும் ஹையிலன் என்ற சக்கர நீராவிப் படகிலோ, அதன் துணைப் படகுகளிலோ மலையடிவாரத்தை அடையலாம். அங்கிருந்து உச்சிக்கு ஏறும் பாதை, முதியோரும் நின்று நின்று ஏறக் கூடியது. சோற்றுப் பொதியைக் கட்டிச் செல்லுங்கள். கோபுரத்தின் நிழலிற் பிள்ளைகளை இருத்தி, யாருமே செவிமடுக்காத காலத்தில் இங்கே ஒரு கடன்கார போதகர் மக்களை அழைத்துப் பேசினார் என்பதையும், அவர் பேசியதன் பயன் 1995இல் எமது குடும்பங்களுக்குக் கிடைத்தது என்பதையும் தமிழிலேயே சொல்லுங்கள்.